நான்கு பேருக்கு அடித்த காற்று: திருச்சியிலிருந்து கருவடிக்குப்பம் வரை

புதுச்சேரிக்குப் போகிறேன் என்று விடுப்புக் கேட்டால் எங்கள் மேலாளர் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டிச் சிரிப்பார். அந்த ஊருக்கு மனிதர்கள் வேறெதற்கும் போகமாட்டார்கள் என்று அவருக்கு நினைப்பு. எனக்கு அங்கே அக்கா இருக்கிறாள். லூர்து அக்கா, கருவடிக்குப்பத்தில் வீடு, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்த முறை நான் போனது கடற்கரையைப் பார்க்கவும் இல்லை, கட்டைவிரலுக்காகவும் இல்லை. அவள் காரை விற்கப்போகிறேன் என்றாள், அதனால் போனேன்.

போன ஐப்பசியில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் போன் செய்தாள். "வண்டிய குடுத்துடலாம்னு இருக்கேன்டி. ஞாயித்துக்கிழம ஒருத்தர் வந்து பாக்கறாரு."

"ஏன்க்கா? நல்லாத்தான ஓடுது?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் கை வாகு போயிடுச்சு. மழையில ரெண்டு தடவ வழுக்கிடுச்சு. ரெண்டாவது தடவ பிரெட்காரரு சைக்கிள்ல போயி இடிக்க இருந்தேன். போதும்டா சாமின்னு ஆயிடுச்சு."

இதைப் படிப்பவர்களுக்கு அக்காவின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். அவள் கணவர் அந்துவான் மாமா பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துக்காரர். புதுச்சேரியில் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு. பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே. மாமா பாரீசுக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறார். மூன்று வருடங்களுக்கு முன் படிப்புக்காகப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிப்போய்விட்டார். பெரியவன் தீதியே, சின்னவள் சில்வி. அக்காவுக்குப் பணி முடிய இன்னும் சில வருடம் இருக்கிறது. ஒரு தடவை போய் மூன்று மாதம் இருந்து பார்த்தாள். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பேருந்துகளை எண்ணிக்கொண்டிருந்ததாகச் சொல்லித் திரும்பி வந்துவிட்டாள். ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸுக்கு வருகிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். ஒரு வருடம் பரீட்சை, ஒரு வருடம் பகுதிநேர வேலை, ஒரு வருடம் டிக்கெட் விலை. இதுவரை வரவில்லை.

ஆக அந்த வீட்டில் அக்காவும் ஒரு வெள்ளை ஹேட்ச்பேக் காரும்தான். பள்ளிக்கூடம், சனிக்கிழமை வில்லியனூர் மாதா கோயில், மாதத்துக்கு ஒரு தடவை விழுப்புரத்தில் எங்கள் சித்தி வீடு என்று எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான் அவளை வெளியே கொண்டுபோகிறது. அதையும் விற்றுவிட்டால் அவள் வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். எனக்கு அக்காவைத் தெரியும். வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டேன்.

திருச்சியிலிருந்து கருவடிக்குப்பம் என் மீட்டரில் இருநூற்றெட்டு கிலோமீட்டர். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் பாடாலூர் வரை சாலை உங்களுடையது. நான்கு வழிச் சாலை, பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று நேராக இழுத்துக்கொண்டு போகும். விழுப்புரம் பைபாசில் இட்லி, வடை, காபி, எண்பத்தைந்து ரூபாய். அங்கிருந்து வலப்பக்கம் புதுச்சேரிச் சாலை, நாற்பது கிலோமீட்டர். கண்டமங்கலம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. பெட்ரோல் போடுபவர்கள் விழுப்புரத்தில் தொட்டியை நிரப்பாதீர்கள், எல்லையைத் தாண்டிவிடுங்கள். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். இந்தச் சின்னக் கணக்கில் கிடைக்கும் சந்தோஷம் அந்தத் தொகையை விடப் பெரியது.

மழையில் ஓட்டும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். தேங்கிய தண்ணீர் மேல் வேகமாக ஏறினால் ஸ்டியரிங் ஒரு கணம் கையில் எடையே இல்லாமல் போகும். டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்கள்தான் அந்தத் தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளி ரப்பரைத் தரையில் உட்காரவைக்கின்றன. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். நாம், நம் குடும்பம், பெட்டி படுக்கை எல்லாம் நாலு உள்ளங்கையை நம்பித்தான் போகிறோம். காற்று சரியாக இருந்தால் உள்ளங்கை முழுதும் படியும். குறைந்தால் ஓரங்கள் மட்டும் அழுந்தும், கூடினால் நடு மட்டும். அக்கா வழுக்கியது என்று சொன்னபோதே இது மனதில் ஓடியது. ஆனால் அக்கா காற்று விஷயத்தில் என்னைவிடக் கறார். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தவறாமல் பங்க்குக்குப் போய் நிற்பவள். நான்தான் எப்போதாவது ஞாபகம் வந்தால் அடிப்பேன், என் டயர்களில் ஓரம்தான் முதலில் வழுக்கையாகும். அதனால் அந்தச் சந்தேகத்தை அப்போதே தள்ளிவிட்டேன்.

பத்தரைக்கு வீடு போய்ச் சேர்ந்தேன். அக்கா பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் ஆறு நாற்காலி, அதில் ஒன்று மட்டும் இழுத்துப் போட்டபடி இருந்தது. மற்றவை மேசைக்குள் தள்ளியே கிடந்தன. எனக்கு இன்னொன்றை இழுக்கும்போது தரையில் அது கீச்சென்று சத்தம் போட்டது. காலையில் வாங்கிய நீள ரொட்டியில் பாதியை எனக்கு வெட்டிவைத்துவிட்டு, "முழுசா வாங்கினா மிஞ்சிடுது. பாதி குடுன்னா குடுக்க மாட்டேங்கறான்" என்றாள்.

"மீதிய என்னா பண்றே?"

"மறுநாளு காபில தொட்டுக்குவேன். நீ வந்தது நல்லதாப் போச்சு, இன்னிக்கி தீந்துடும்."

மதியம் வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, மழை விட்ட நேரம் பார்த்துக் காரை நான் எடுத்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். தெருமுனை வேகத்தடையிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. வண்டி ஏறி இறங்கவில்லை, குதித்தது. டேஷ்போர்டில் இருந்த ஜெபமாலை எகிறி என் மடியில் விழுந்தது. ஸ்டியரிங் விரலால் தொட்டாலே திரும்பியது. ஓட்டப் பழகியவர்களுக்கு முதலில் அது சுகமாகத்தான் இருக்கும். லாஸ்பேட்டைப் பக்கம் ஆளில்லாத ஒரு சாலையில், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, முப்பதில் போகும்போது பிரேக்கை அழுத்தினேன். காலடியில் கடகடவென்று உதறல். நான் நினைத்த இடத்தைத் தாண்டி ஒரு கார் நீளம் போய்த்தான் நின்றது.

"பாத்தியா?" என்றாள் அக்கா. அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. தன் கை மட்டும் குற்றவாளி இல்லை என்று அப்போதுதான் தெரிந்ததுபோல.

"உன் கை இல்லக்கா. வேற என்னமோ இருக்கு."

"அப்ப வித்துடறதே நல்லதுதான்" என்று உடனே சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை காலை காபி குடித்துவிட்டு, வண்டியை எடுப்பதற்கு முன்பே டயர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். நடுப்பகுதி வழவழவென்று தேய்ந்திருந்தது. பள்ளத்துக்குள் ஆங்காங்கே சின்ன மேடு மாதிரி ரப்பர் வைத்திருப்பார்கள். தேய்மானம் அந்த மேட்டின் உயரத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். முன் டயர் இரண்டிலும் நடுவில் அது வந்துவிட்டிருந்தது. ஓரங்களில் பள்ளம் ஆழமாக, நேற்று வாங்கியதுபோல் இருந்தது. பின் டயர்களிலும் அதே கோலம், ஆனால் கொஞ்சம் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இதற்குப் படிப்பெல்லாம் வேண்டாம், குனிந்து பார்க்க முதுகு ஒத்துழைத்தால் போதும்.

டயர் ஆறியிருக்கும்போதே அளவு பார்க்கவேண்டும். ஓடிய டயர் சூடாகி மூன்று நான்கு புள்ளி கூடக் காட்டும். நல்லவேளையாக பங்க் ஒரு கிலோமீட்டருக்குள்தான். அக்கா ஓட்டினாள். காற்றுப் பம்பு அருகே நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னாள்: "அண்ணே, ரெண்டு ஆறு. நாலுக்கும்."

பங்க்காரர் தலையாட்டிவிட்டு மிஷினில் முப்பத்தெட்டு என்று அழுத்தினார். அவருக்கு அது பழக்கம். நாமெல்லாம் முப்பது, முப்பத்திரண்டு என்று சொல்லும் அளவை, பிரான்சில் ஓட்டக் கற்றவர்கள் பார் என்ற வேறு அளவில் சொல்வார்கள். அவர்களுக்கு ரெண்டு ரெண்டு, அதாவது ரெண்டு புள்ளி ரெண்டு என்றால் நமக்கு முப்பத்திரண்டு, ரெண்டு ஆறு என்றால் முப்பத்தெட்டு. மாமா டயர் என்றுகூடச் சொல்லமாட்டார், ப்னே என்பார். இந்தப் பக்கத்து பங்க்குகளில் அந்தக் கணக்கு அத்துப்படி.

"இருங்கண்ணே" என்று அவரை நிறுத்திவிட்டு, ஓட்டுநர் கதவைத் திறந்தேன். கதவு மூடும் தூணில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும், உங்கள் காரிலும் உண்டு, இன்றைக்கே பாருங்கள். அதில் இரண்டு படம். முதல் படத்தில் கொஞ்சம் ஆட்கள், பெட்டி இல்லை: நாலு சக்கரத்துக்கும் ரெண்டு ரெண்டு. இரண்டாவது படத்தில் வண்டி நிறைய ஆட்கள், பின்னால் பெட்டி: முன் சக்கரம் ரெண்டு மூணு, பின் சக்கரம் ரெண்டு ஆறு.

"அக்கா, ரெண்டு ஆறு வண்டி முழுக்க ஆளும் பெட்டியும் இருந்தாத்தான். அதுவும் பின்னாடிக்கு மட்டும். நீ ஒத்த ஆளு. உனக்கு யாரு இதச் சொன்னது?"

"அவருதான். ஏர்போர்ட் போறப்போ."

பின்னால் ஓர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். வண்டியை ஓரமாக விட்டோம். அக்கா இன்ஜினை நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்தபடியே சொன்னாள். அன்றைக்கு வண்டியில் நான்கு பேர், ஆறு வலீஸ். இந்த ஊரில் பெட்டிக்கு இன்னமும் வலீஸ்தான். டிக்கியில் நாலு, பிள்ளைகள் மடியில் ஆளுக்கு ஒன்று. மிளகாய்த்தூள், வடகம், ஊறுகாய், சில்விக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டை மூன்று கவர் சுற்றி உள்ளே வைத்தும் வண்டியெல்லாம் அதே வாசம். கிளம்பும்முன் மாமா இதே பங்க்கில் காற்று வைத்தார். ஏர்போர்ட்டில் இறங்கும்போது சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, "காத்து ரெண்டு ஆறு வெச்சிருக்கேன், பாத்துக்க" என்றார். திரும்பி வரும்போது அவள் மட்டும். நூற்று நாற்பது கிலோமீட்டர். "வர்ற வழி பூரா வண்டி குதிச்சிகிட்டே வந்துச்சுடி. பின்னாடி திரும்பித் திரும்பிப் பாத்துகிட்டே வந்தேன். யாராவது உக்காந்திருக்கணும்னு தோணிச்சு."

"அதுலேருந்து மூணு வருஷமா இதையேவா வைக்கறே?"

"ம்."

"அவரு அந்த ஒரு நாளைக்கு சொன்னத நீ இப்பிடிப் புரிஞ்சிகிட்டியா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வகுப்பில் தப்பு விடை சொன்ன பிள்ளையைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. "கணக்கு டீச்சர்டி நானு. அந்த ஸ்டிக்கர எத்தினி தடவ படிச்சிருப்பேன்? ஒத்த ஆளுக்கு எவ்ளோன்னு எனக்குத் தெரியாதா?" ஸ்டியரிங்கை விரலால் தேய்த்தாள். "அத வைக்க எனக்கு மனசு வரல. அடுத்த மாசம் வர்றாங்க, வர்றாங்கன்னே இருந்துச்சு. ரெடியா இருக்கட்டுமேன்னு வுட்டேன். இதனால வழுக்கும்னு சத்தியமா தெரியாது."

பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மழையோ வெயிலோ, ஆள் இல்லாத மூன்று இருக்கைகளுக்கும் சேர்த்துக் காற்று அடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் கறார் என்று நினைத்தது அத்தனையும் ஏக்கம். வருடத்துக்கு நாலு தடவை வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும் எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

டயர் மாற்றாமல் தீராது என்பதால் தட்டாஞ்சாவடிக்கு விட்டோம். தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில் டயர் கடைகள் வரிசையாக உண்டு. கடைக்காரர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நாலும் மாத்திடுங்க மேடம், மழைக்காலம்" என்றார். வியாபாரிக்கு நாலு என்பது எப்போதுமே நல்ல எண். பின் டயரில் இன்னும் ஆழம் இருப்பதைக் காட்டி இரண்டோடு பேசி முடித்தேன். இரண்டு மட்டும் மாற்றினால் புதியதைப் பின்னால்தான் போடச்சொல்ல வேண்டும். இழுப்பது முன் சக்கரம், அதனால் புதுசு முன்னால்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மழையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் வீசிக்கொண்டு போனால் நம்மால் பிடிக்க முடியாது. டயர் இரண்டும் ஒன்பதாயிரத்து இருநூறு. வீல் அலைன்மென்ட், பேலன்சிங் சேர்த்து எண்ணூறு. ஒன்றரை மணி நேரம் ஆனது.

வண்டி மேலே தூக்கியிருக்கும்போது மாமா வீடியோவில் வந்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. கம்பளி மேலங்கியோடு கையில் காபிக் கோப்பை. "அலோ, என்னா கடைல நிக்கறீங்க?"

"ப்னே மாத்தறோம் மாமா" என்றேன். "நீங்க ஏர்போர்ட்டுக்கு வெச்ச ரெண்டு ஆறு இருக்கே, அக்கா அதயே நாலு சக்கரத்துக்கும் வெச்சி நடுவுல தேச்சிட்டா."

மாமா சிரித்தார். "அய்ய, அது பின்னாடிக்கு மட்டுந்தான். வலீஸ் இருந்துச்சேன்னு வெச்சது. எப்போலேருந்து?"

"நீங்க போனதுலேருந்து."

சிரிப்பு பாதியில் நின்றது. கோப்பையைக் கீழே வைத்தார். "மூணு வருஷமாவா?" என்று கேட்டார். அதை என்னிடம் கேட்கவில்லை. நான் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு, டயர் அடுக்கைப் பார்க்கிற மாதிரி தள்ளிப் போனேன். திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கடையில் நட்டு முடுக்கும் மிஷின் கர்கர் என்று அலறிக்கொண்டிருந்தது, பேசினாலும் கேட்டிருக்காது.

வண்டி இறங்கியது. கடைக்காரர் காற்றுக் குழாயோடு வந்து நின்றார். "எவ்ளோ மேடம்?"

நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அக்காதான் சொல்லவேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். இது எனக்கு அபூர்வம். அவள் பின் இருக்கையை ஒரு தடவை பார்த்தாள். கைப்பையின் வாரைச் சரி செய்தாள்.

"முப்பத்திரண்டு" என்றாள். ரெண்டு ரெண்டு என்று சொல்லவில்லை.

புது டயர்களில் காற்று ஏறியது. பின்னாலிருந்து முன்னால் மாற்றிய பழைய இரண்டில் முப்பத்தெட்டிலிருந்து இறக்கவேண்டும். அவர் வால்வை அழுத்தினார், உஸ்ஸென்று காற்று வெளியே போனது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன்.

சாயங்காலம் வில்லியனூருக்கு அக்காவே ஓட்டினாள். பத்து கிலோமீட்டர் சொச்சம், நடுவில் நல்ல மழை. முதலில் இருக்கையின் நுனியில் உட்கார்ந்து ஓட்டினாள். வேகத்தடையில் வண்டி மெத்தென்று ஏறி இறங்கியது. ஜெபமாலை அதன் இடத்திலேயே கிடந்தது. ஸ்டியரிங் கொஞ்சம் கனமாக இருக்கிறது என்றாள். கனமில்லை, டயர் தரையைப் பிடித்திருக்கிறது என்றேன். ஓரிடத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அக்கா பிரேக்கை மிதித்தாள். வண்டி உதறவும் இல்லை, வழுக்கவும் இல்லை, நின்றது. நாய் எங்களை மதிக்காமல் நடந்து போனது. அக்கா நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வைப்பர் போடும் சத்தத்தையும் மீறி என்னிடம் வளவளவென்று பள்ளிக்கூட வம்பு பேசிக்கொண்டே வந்தாள். எத்தனை நாளாயிற்று அந்தப் பேச்சைக் கேட்டு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வண்டி பார்க்க வருவதாக இருந்தவருக்குப் போன் செய்தாள். "மன்னிச்சிக்கங்க சார், குடுக்கல. வூட்ல வேணுங்கறாங்க" என்றாள். வீட்டில் அவளைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பத்து மணிக்கு நான் கிளம்பினேன். மீதமிருந்த அரை ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி என் பக்கத்து இருக்கையில் வைத்தாள்.

இந்தப் பக்கம் மழைக்காலத்தில் வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் விழுப்புரம் சாலையிலும் தண்ணீர் தேங்கும். அறுபதுக்கு மேல் போகாதீர்கள். ஊருக்குள் இருக்கும் கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டி விடமாட்டார்கள், தள்ளி நிறுத்திவிட்டு நடக்கவேண்டும், நடப்பதுதான் நல்லதும். கிளம்பும் நாள் காலையில், வண்டி ஆறியிருக்கும்போது காற்று பாருங்கள். பங்க்காரர் எல்லா வண்டிக்கும் ஒரே எண்ணை வைப்பார், உங்கள் கதவுத்தூணில் இருக்கும் எண்ணை நீங்கள் சொல்லுங்கள். குடும்பத்தோடு பெட்டியும் ஏற்றிப் போனால் இரண்டாவது படத்தின் அளவை வையுங்கள், ஊர் திரும்பியதும் மறக்காமல் இறக்குங்கள். என்னைப் போன்ற சோம்பேறிகளுக்கு: குறைந்த காற்றில் ஓரம் தேய்வதோடு நிற்காது, ஸ்டியரிங் இழுக்கும், பெட்ரோல் குடிக்கும், வெயிலில் நெடுந்தூரம் போனால் சூடேறி வெடிக்கவும் செய்யும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் காற்றைத் திட்டாதீர்கள், அலைன்மென்ட் பாருங்கள். எனக்கு மொத்தச் செலவு, சுங்கம் பெட்ரோல் எல்லாம் சேர்த்துப் போக வர மூவாயிரத்து முந்நூறு. டயருக்கு அக்கா கொடுத்தாள், நான் கொடுத்தும் வாங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். டயரைக் குனிந்து பார்த்தால் வண்டியில் யார் போனார்கள், எப்படிப் போனார்கள் என்பது கொஞ்சம் தெரிந்துவிடும். யார் போகவில்லை என்பதும் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதற்குப் பிறகு அக்காவுக்கு நான் வாரம் இரண்டு தடவை போன் செய்கிறேன். காற்று பார்த்தாயா என்று கேட்பேன். பார்த்தேன், முப்பத்திரண்டு என்பாள். பிறகு வேறு விஷயம் பேசுவோம்.

டிசம்பர் நடுவில் ஒரு காலை அவளே கூப்பிட்டாள். பின்னால் காற்று மிஷின் பீப் பீப் என்று கேட்டது.

"பங்க்குல நிக்கறேன்டி. சில்வி வர்றா. மத்தியானம் எறங்கறா, ஏர்போர்ட் போறேன்."

"சில்வியா? மாமா, தீதியே?"

"அவங்களுக்கு லீவு கெடைக்கல. அவ மட்டும்தான்." குரல் ஒரு கணம் தாழ்ந்தது, உடனே ஏறியது. "ஒரு ஆளு, ரெண்டு வலீஸ். எவ்ளோ வைக்கணும்?"

ஒட்டுத்தாள் மனப்பாடமாகத் தெரிந்த கணக்கு டீச்சர் என்னிடம் கேட்டாள்.

"ஒண்ணும் ஏத்த வேணாம்க்கா. இப்ப இருக்கறதே போதும்."

"இருக்கறதே போதுமா?"

"போதும்க்கா."

"அப்ப கெளம்பறேன்" என்றாள். போனை அணைக்க மறந்துவிட்டாள். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது, இன்ஜின் கிளம்பியது, பங்க்காரரிடம் அவள் உரக்கச் சொல்வது கேட்டது: "என் பொண்ணு வர்றா அண்ணே."